முதல் போஸ்டருக்கு முன்னால்: பள்ளி டிசைன் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஒரே விவரத்தைக் கொடுத்து ஒரு வகுப்பையே போஸ்டர் செய்யச் சொன்னால், பெரும்பாலானவற்றில் முதலில் கண்ணில் படுவது பின்னணிப் படமாகத்தான் இருக்கும். நிகழ்ச்சி என்றைக்கு என்பது கீழ் மூலையில், படத்தின் இருட்டான பகுதியின்மேல், கறுப்பு எழுத்தில் ஒளிந்து கிடக்கும். செய்த பிள்ளைகளுக்குக் கை வராமல் இல்லை. கணினியை முதலில் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இது 9 முதல் 12ஆம் வகுப்புக்குள் கிராஃபிக் டிசைனை ஒரு பாடமாக எடுத்து, முதல் ப்ராஜெக்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கான வழிகாட்டி. பிரீஃப் (வேலை விவரத் தாள்) கைக்கு வந்த நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை வரிசையாகப் போகலாம். உதாரணம் ஒன்றே ஒன்று: பள்ளி நூலகத்தில் நடக்கப்போகும் பழைய புத்தகப் பரிமாற்றத்துக்கு ஒரு போஸ்டர். லோகோ, தகவல் படம், பெட்டி போன்ற மற்ற வேலைகள் எங்கே வழி பிரிகின்றன என்பதைப் பிற்பாடு பார்ப்போம்.

பத்து பீரியட் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று தாளுக்கு, நான்கு கணினிக்கு, ஒன்று வகுப்பு விமர்சனத்துக்கு, மீதி இரண்டு திருத்தத்துக்கும் அச்சுக்கும். கணினிக்குப் பத்தில் நான்குதானா என்று எல்லோரும் கேட்பார்கள். தாளில் மூன்று பீரியட் ஒழுங்காக உட்கார்ந்தவர்களுக்கு நான்கே தாராளம்தான்.

1. பிரீஃபைக் கேள்வியாக மாற்றுங்கள்

பிரீஃப் என்பது "என்ன வேண்டும்" என்று வேலை கொடுப்பவர் எழுதித் தரும் தாள். அதில் அளவும் கெடு தேதியும் இருக்கும். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: யார் பார்ப்பார்கள்? எங்கே நின்று, எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்? பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

நம் போஸ்டர் மாடிப்படித் திருப்பத்தில் ஒட்டப்படுகிறது. பார்ப்பவர்கள் அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும் மாணவர்கள். கிடைக்கும் நேரம் மூன்று நொடி. பார்த்தபின் அவர்கள் செய்ய வேண்டியது, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வருவது. இவ்வளவு தெரிந்த பிறகுதான் நூலகத்திலிருந்து வந்த வாசகத்தைப் படிக்க வேண்டும். அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"நமது பள்ளி நூலகத்தின் சார்பில் நடைபெறவிருக்கும் பழைய புத்தகப் பரிமாற்ற நிகழ்ச்சிக்கு மாணவ மாணவியர் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம். நாள்: 14, வெள்ளிக்கிழமை. நேரம்: மதியம் 12.30 முதல் 2 வரை. இடம்: நூலக வாசிப்பறை. ஒரு புத்தகம் கொண்டு வருபவர் ஒரு புத்தகம் எடுத்துச் செல்லலாம். கிழிந்த புத்தகங்கள், பாடப் புத்தகங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா."

இதை அப்படியே தட்டச்சு செய்து ஒட்டினால் அது சுற்றறிக்கை. துண்டு துண்டாக வெட்டி, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று வரிசை எண் போடுங்கள். நான் போட்டால் இப்படிப் போடுவேன்: முதலில் "ஒன்று கொடு, ஒன்று எடு". அடுத்து "வெள்ளி 14, மதியம் 12.30". மூன்றாவது "நூலக வாசிப்பறை". "பழைய புத்தகப் பரிமாற்றம்" நான்காவதாக வந்தால் போதும். தலைப்பே அதைப் பாதி சொல்லிவிடுகிறது. கிழிந்த புத்தகம், பாடப் புத்தகம் பற்றிய நிபந்தனை கடைசி, சின்ன எழுத்து. "அன்புடன் அழைக்கிறோம்" போய்விட்டது. யாரும் தேடவும் மாட்டார்கள். ஆனால் வாசகத்தைத் திருத்தினால் கொடுத்தவரிடம் ஒருமுறை காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் மாற்றிவிட்டு அச்சான பிறகு மாட்டிக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு.

இந்த வரிசை எண்தான் இனி வரும் எல்லா வேலைக்கும் ஆதாரம். எழுத்தின் அளவு, நிறம், காலி இடம் எல்லாமே அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். மூன்றாம் எண்ணில் இருப்பது முதல் எண்ணைவிடப் பளிச்சென்று தெரிந்தால் டிசைன் தப்பு. எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்புதான்.

2. தபால்தலை அளவில் இருபது கட்டம்

ஒரு தாளில் பென்சிலால் இருபது சின்னக் கட்டங்கள் போடுங்கள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு லே-அவுட். எழுத்தை எழுத வேண்டாம், கோடாகக் கிறுக்கினால் போதும். தலைப்புக்குத் தடித்த கோடு, சின்ன எழுத்துக்கு மெல்லிய கோடு. ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

முதல் ஐந்தில் எல்லோருக்கும் வருவதே வரும்: திறந்த புத்தகம், அடுக்கி வைத்த புத்தகங்கள், புத்தகத்திலிருந்து பறக்கும் பட்டாம்பூச்சி. எட்டாவது, ஒன்பதாவது கட்டத்தில் எரிச்சல் வரும். பன்னிரண்டுக்கு மேல் வேறு வழியில்லாமல் மூளை புதிய இடத்துக்குப் போகும். இரண்டு கைகள் ஒரே புத்தகத்தைப் பிடித்திருப்பது. அலமாரி வரிசையில் ஒரே ஒரு காலி இடம். "கொடு", "எடு" என்ற இரண்டு சொற்களும் புத்தக முதுகில் மேலும் கீழுமாக. நிஜமான பொறுக்கியெடுப்பு இங்கேதான் நடக்கிறது.

கிறுக்கலைக் கேவலமாக நினைக்க வேண்டாம். மில்டன் கிளேசர் என்ற டிசைனர் நியூயார்க் மாநிலத்துக்காக 1976இல் டாக்ஸியில் உட்கார்ந்து சிவப்பு கிரேயானால் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கியதுதான் இன்று உலகம் முழுக்கச் சட்டைகளில் திரியும் "ஐ லவ் நியூயார்க்" இதயச் சின்னம். அந்தக் காகிதம் இப்போது நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருபதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் அரைப் பக்க அளவில் மறுபடி வரையுங்கள். கிறுக்கல் தாள்களில் தேதி போட்டு வையுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் செயல்முறைக்கும் மதிப்பெண் உண்டு. கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து போலிக் கிறுக்கல் வரைபவர்களை ஆசிரியர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதில் தயக்கமே இருக்காது, எல்லாக் கட்டமும் ஒழுங்காக இருக்கும்.

3. கோப்பை ஒழுங்காகத் திறப்பது

இது சீக்கிரம் முடியும், ஆனால் இங்கே தவறினால் கடைசி வரை தொல்லை.

அச்சுக்குப் போகும் வேலை என்றால் முதல் நிமிடமே சரியான அளவைப் போடுங்கள். ஏ4 என்றால் 210க்கு 297 மில்லிமீட்டர், ஏ3 அதைப்போல் இரண்டு மடங்கு: 297க்கு 420. நிறமோ படமோ தாளின் விளிம்புவரை போகிறது என்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுங்கள். வெட்டும் இயந்திரம் மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க அந்த உபரி. அதேபோல் வெட்டும் விளிம்பிலிருந்து உள்ளே 5 மில்லிமீட்டருக்குள் எழுத்து எதுவும் வர வேண்டாம்.

படத்துக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கையில் பிடித்துப் படிக்கும் அச்சுக்கான வழக்கமான கணக்கு. ஏ4 முழுக்க ஒரு புகைப்படம் போட 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய 600 பிக்சல் அகலப் படம் அந்தக் கணக்கில் வெறும் 5 சென்டிமீட்டர்தான் வரும். அதைத் தாள் முழுக்க இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையில் நன்றாகத்தானே தெரிந்தது என்பார்கள். திரை அவ்வளவு கேட்பதில்லை. தாள் கேட்கும்.

வெக்டர், ராஸ்டர் என்ற இரண்டு சொற்களும் முதல் வாரத்திலேயே காதில் விழும். புகைப்படம் ராஸ்டர், அதாவது பிக்சல் புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் உடையும். வெக்டர் கணக்கால் வரையப்படும் கோடு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. லோகோ, ஐகான், பெரிய எழுத்து எல்லாம் வெக்டர். இல்லஸ்ட்ரேட்டரும் இங்க்ஸ்கேப்பும் வெக்டருக்கு. ஃபோட்டோஷாப், ஜிம்ப், கிரிட்டா ராஸ்டருக்கு. பல பக்க வேலைக்கு இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸ். இவற்றில் இங்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா, ஸ்கிரைபஸ் நான்கும் இலவசம். பள்ளி எதைக் கொடுக்கிறதோ அதில் செய்யுங்கள். கான்வா என்ற இணைய டிசைன் தளத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட், அதாவது தயார் வடிவம், பற்றிக் கேட்டால் என் கருத்து: அவசரத்துக்கு ஆகும், கற்றுக்கொள்ள ஆகாது. வரிசை எண் போடும் வேலையை அதில் வேறு யாரோ உங்களுக்காக முடித்துவிட்டிருப்பார்கள்.

4. எழுத்து

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். போஸ்டரில் பாதிக்கு மேல் எழுத்துதான். புதியவர்கள் படத்துக்கு மூன்று பீரியட் செலவழித்து எழுத்துக்குக் கடைசி அரைமணி நேரத்தை ஒதுக்குவார்கள்.

ஒரு ஃபான்ட் குடும்பம் எடுங்கள். தேவைப்பட்டால் இரண்டு. மூன்றாவதைத் தேடுகிறீர்கள் என்றால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் அளவைத் துணிந்து மாற்றுங்கள். எழுத்தின் அளவைப் பாயின்ட்டில் சொல்வார்கள். 24 பாயின்ட்டும் 28 பாயின்ட்டும் பக்கத்தில் நின்றால் தப்பு நடந்ததுபோலத் தெரியும். 24க்குப் பக்கத்தில் 90 நின்றால்தான் முடிவெடுத்துச் செய்ததாகத் தெரியும்.

தூரத்துக்கு எவ்வளவு பெரிய எழுத்து? பலகை எழுதுபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: சுமார் 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் 2.5 சென்டிமீட்டர். மாடிப்படித் திருப்பத்துக்கு இது பொருந்தும். 72 பாயின்ட் என்றால் ஒரு அங்குலம்தானே என்று நேராகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். பாயின்ட் அளவு எழுத்து உட்காரும் பெட்டிக்கு. எழுத்து அதைவிடச் சின்னதாகத்தான் வரும். அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

தமிழில் போஸ்டர் செய்கிறீர்கள் என்றால் ஆங்கிலப் பாடங்களில் வராத சில விஷயங்கள் இருக்கின்றன. நம் எழுத்தில் மேலே புள்ளியும் "கீ"யின் சுழியும், கீழே "கு", "கூ", "மு", "மூ" வாலும் வரும். ஆங்கிலத்துக்குப் போதுமான 120 சதவீத வரி இடைவெளியில் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியை முட்டும். இன்னும் தாராளமாக விடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து ஸ்டைல் காட்டுவது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சரி. தமிழில் அதைச் செய்தால் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியாக நிற்கும். "கொடு" என்பது யாருக்கும் புரியாத ஒன்றாகிவிடும். அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டாலும் இதே கதை, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அமைப்புகளில் தேடி அதை முதலில் இயக்குங்கள். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை.

தடித்த வடிவம் இல்லாத ஃபான்ட்டில் போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாக ஒரு போலித் தடிப்பைக் கொடுக்கும். "ஞ", "ழ", "ணை" போன்ற எழுத்துகளின் உள்ளிடம் அடைத்துக்கொண்டு மசிக்கறையாகிவிடும். அதனால் பல எடைகள் உள்ள ஃபான்ட்டாகத் தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை மெல்லியதிலிருந்து தடித்தது வரை கிடைக்கும். தலைப்புக்கு உருண்டையாக, குண்டாக வேண்டுமென்றால் பலூ தம்பி. இவை எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் இருப்பவை.

தலைப்பை எங்கே உடைப்பது என்பதும் முக்கியம். தமிழ்ச் சொல் நீளம், ஒரு வரியில் அடங்காது. 

"ஒன்று கொடு, ஒன்று
எடு"

என்று உடைத்தால் சந்தம் போய்விடுகிறது, "எடு" அனாதையாகக் கீழே நிற்கிறது. 

"ஒன்று கொடு,
ஒன்று எடு"

என்றால் இரண்டு வரியும் ஏறத்தாழ ஒரே அகலம். "ஒன்று" ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறது. கண் "கொடு", "எடு" இரண்டையும் தானாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. படமே தேவையில்லை என்று தோன்றும் இடம் இது. அப்படித் தோன்றினால் படத்தை எடுத்துப் பாருங்கள்.

எழுத்தை அகலமாக இழுக்காதீர்கள். இடம் போதவில்லையென்றால் அளவைக் குறையுங்கள், அல்லது சொல்லைக் குறையுங்கள். நடுவாக்கம் செய்யும் பழக்கத்தையும் முதல் சில ப்ராஜெக்டுகளுக்கு நிறுத்தி வையுங்கள். எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒரே கோட்டில் நிறுத்திப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

5. நிறம்

முதலில் கறுப்பு வெள்ளையில் முடியுங்கள். அதில் வரிசை சரியாகத் தெரிந்தால், நிறம் வந்து கெடுக்க முடியாது. பிறகு ஒரு நிறம் சேருங்கள், பிறகு இன்னொன்று.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணால் சொல்ல ஒரு வழி இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்று வைத்திருக்கிறார்கள். இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. வெள்ளைமேல் 767676 என்ற நிறக் குறியீட்டு எண்ணுள்ள சாம்பல் 4.54 பெறுகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத 777777 சாம்பல் 4.48 பெற்றுத் தோற்றுவிடுகிறது. வெள்ளைமேல் சுத்த மஞ்சள்? 1.07. எழுத்து இல்லாததற்குச் சமம். போஸ்டருக்கு இந்த விதி கட்டாயமில்லை என்றாலும் "எனக்குத் தெரியுதே" என்ற வாதத்தை முடிக்க நல்ல ஆயுதம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் வகுப்புக்கு ஒருவராவது இருக்கலாம். அர்த்தத்தை நிறத்தின்மேல் மட்டும் ஏற்றி வைக்காதீர்கள்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது, அது ஆர்.ஜி.பி.; அச்சு சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது, அது சி.எம்.ஒய்.கே. திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் மையில் மங்கித்தான் வரும். "பிரின்ட்ல கலர் செத்துப்போச்சு சார்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது வந்து நிற்பார்கள். மெஷினைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பச்சை மையில் கிடையாது. சின்னக் கறுப்பு எழுத்தை நான்கு மையும் கலந்த கறுப்பில் போடாமல் தனிக் கறுப்பு மையில் போடுங்கள்; மைகள் துளி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழாது.

6. படம் யாருடையது?

தேடுபொறியில் கிடைக்கும் படம் இலவசப் படம் ஆகிவிடாது. படைப்பாளர்கள் தங்கள் படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிபந்தனை போடும். பெயர் போட்டால் போதும் என்று ஒன்று, வணிகத்துக்குக் கூடாது என்று ஒன்று, மாற்றக் கூடாது என்று ஒன்று. மாற்றக் கூடாது என்ற உரிமமுள்ள படத்தை வெட்டி ஒட்டிப் போஸ்டராக்கினால் உரிமம் மீறியதாகிவிடும். ஃபான்ட்டுக்கும் இதே சட்டம். "சொந்த உபயோகத்துக்கு மட்டும்" என்று இருந்தால் பள்ளி விழாவுக்கு உதவாது.

எளிய வழி: நீங்களே போட்டோ எடுங்கள், நீங்களே வரையுங்கள். நண்பனின் இரண்டு கைகளும் ஒரு பழைய புத்தகமும் ஜன்னல் வெளிச்சமும் போதும், நம் போஸ்டருக்கு. வெளியிலிருந்து எடுத்தால் அன்றைக்கே ஒரு குறிப்புக் கோப்பில் எங்கிருந்து, யாருடையது, எந்த உரிமம் என்று எழுதி வையுங்கள். ஒப்படைக்கும் நாளில் தேடினால் கிடைக்காது. ஏ.ஐ. படம் பயன்படுத்தலாமா என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். அனுமதித்தால் எந்தப் பகுதி அதிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் முதல் வருடம் வேண்டாம் என்பேன். கை பழக வேண்டிய காலம் அது.

7. சுவரில் ஒட்டி அடி வாங்குவது

விமர்சன நாளில் எல்லோருடைய போஸ்டரையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள். திரையில் காட்டினால் போதாதா என்றால், போதாது. திரையில் எல்லோரும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

பேசும்போது "நல்லா இருக்கு" என்ற சொல்லைத் தடை செய்துகொள்ளுங்கள். பதிலாகக் கண் போன பாதையைச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருமுறை இப்படி நடந்தது. ஒரு மாணவியின் போஸ்டரில் இரண்டு கைகளும் அருமையாக வரைந்திருந்தாள். மூன்று நொடி காட்டிவிட்டுத் தாளைத் திருப்பினேன். "என்னிக்கு?" என்று வகுப்பைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

"தேதி இருக்கு சார், கைக்குக் கீழே."

"இருக்கு. யாராவது பார்த்தாங்களா?"

அவள் கைகளின் படத்தைக் கால்பங்கு சின்னதாக்கி, தேதியை இரண்டு கைகளுக்கும் நடுவே புத்தகத்தின் அட்டைமேலேயே ஏற்றிவிட்டாள். மாற்ற எடுத்த நேரம் பத்து நிமிடம். அந்தத் தீர்வு எனக்குத் தோன்றியிருக்காது.

உங்கள் வேலையைப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள். விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் போஸ்டர் அதைச் சொல்லவில்லை என்று அர்த்தம். மாடிப்படியில் நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கப் போவதில்லை. கேட்ட எல்லாவற்றையும் செய்யவும் வேண்டாம். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே பிரச்சினை நிச்சயம். அவர்கள் சொல்லும் தீர்வு சரியா என்பது வேறு விஷயம்.

8. ஒப்படைப்பதற்கு முந்தின நாள்

எழுத்துப் பிழையை நீங்கள் பார்த்தால் தெரியாது. நூறு முறை பார்த்த கண் அது. இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒத்துப்பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு இருநூறு பிரதி அடித்த பிறகு கிழமை தப்பு என்று தெரிந்தது. இருநூறு தாளிலும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினேன். தேதி பெரிதாக இருந்ததால் ஸ்டிக்கரும் பெரிது.

அச்சுக்குப் போகும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வெக்டர் வடிவமாக, மாற்றிவிடுங்கள், அல்லது ஃபான்ட் உள்ளே பதிந்த பி.டி.எஃப். எடுங்கள். இல்லாவிட்டால் அச்செடுக்கும் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாக வந்து நிற்கும். அவுட்லைன் ஆக்கிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். கோப்புக்கு "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "கடைசி ஃபைனல்" என்று பெயர் வைக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுங்கள். பெரிய எண் எதுவோ அதுதான் கடைசி.

மற்ற ப்ராஜெக்டுகளில் எங்கே வழி பிரியும்

லோகோவில் முதல் சோதனை, ஒரே நிறத்தில், கட்டைவிரல் நக அளவில் தெரிகிறதா என்பது. மறுசுழற்சிச் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று அம்புகள் மடிந்து ஒன்றையொன்று துரத்தும் அந்த வடிவத்தை 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு போட்டிக்காக வரைந்தார். அட்டைப்பெட்டியில் மங்கிய ஒற்றை மையில் அடித்தாலும் தெரிகிறது, பாட்டிலின் அடியில் அச்சுவார்த்தாலும் தெரிகிறது. உங்கள் லோகோவுக்கு நிழலும் பளபளப்பும் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். கிறுக்கல் இருபது போதாது, ஐம்பது போடுங்கள்.

தகவல் படத்தில் பொய் சொல்லாமல் இருப்பதே பாதி வேலை. பட்டை வரைபடம் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். இரண்டு மடங்கைக் காட்ட வட்டத்தின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும்; பார்ப்பவர் நான்கு என்றுதான் எடுத்துக்கொள்வார். எதை விட்டுவிடலாம் என்று கற்றுக்கொள்ள லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் பாருங்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் வரைந்து 1933இல் வெளியான அது, நிஜத் தூரத்தையும் வளைவையும் தூக்கியெறிந்துவிட்டு நேர்கோடும் 45 பாகைச் சாய்வும் மட்டும் வைத்துக்கொண்டது. எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதுதானே பயணிக்கு வேண்டும்.

பெட்டி செய்வதென்றால் முதலில் ஏற்கெனவே உள்ள ஒரு காலிப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தலைகீழாக அச்சாக வேண்டும், ஒட்டும் மடல் எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். பத்திரிகைப் பக்கத்துக்குக் கிரிட், அதாவது எழுத்தையும் படத்தையும் நிறுத்த வழிகாட்டும் கட்டக் கோடுகள், வேண்டும். நடு மடிப்பில் முகமோ சொல்லோ மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தக அட்டைக்கு முதுகின் தடிமனை அச்சகத்திடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கு எடுத்து வைப்பது

போஸ்டர் சுவரில் இருக்கும்போதே, ஆட்கள் நடந்து போகும் நேரத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அளவு அதில்தான் தெரியும். விழா முடிந்த மறுநாள் போனால் சுவரில் டேப் மட்டும்தான் இருக்கும். வருடக் கடைசியில் போர்ட்ஃபோலியோவில், அதாவது உங்கள் வேலைகளின் தொகுப்பில், எட்டு நல்ல வேலை போதும். இருபது இருந்தால் பார்ப்பவர் பலவீனமான ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் கிறுக்கல்கள், தள்ளிவிட்ட ஒரு பதிப்பு. எதிர்ப்பக்கத்தில் முடிந்த வேலையும் சுவர்ப் போட்டோவும். கீழே நாலைந்து வரி. பெரிய தத்துவம் வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"நூலகப் புத்தகப் பரிமாற்றத்துக்கான ஏ3 போஸ்டர். மாடிப்படியில் நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்கு. முதல் பதிப்பில் தேதி யார் கண்ணிலும் படவில்லை. அதனால் புத்தக அட்டையே தேதியாக மாறியது. போட்டோ என்னுடையது. எழுத்துரு கேட்டமரன்."